பிரிப்பது யார் வேலை?

(பொதுக்காலம் 17-ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு. வானொலி மறையுரையின் எழுத்து வடிவம். வாசகங்கள்: 1 அரசர் 3:5, 7-12, உரோமையர் 8:28-30, மத்தேயு 13:44-52)



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் விண்ணரசைப் பற்றி மூன்று உவமைகளைச் சொல்கிறார். நிலத்தில் மறைந்திருந்த புதையல், வணிகர் தேடிக் கண்ட முத்து, கடலில் இட்ட வலை. புதையலைப் பற்றியும் முத்தைப் பற்றியும் நாம் நிறைய மறையுரைகள் கேட்டிருக்கிறோம். மூன்றாவதாக வரும் வலையை மட்டும் சற்று அவசரமாகவே கடந்துபோகிறோம். கடைசியில் தீச்சூளையும் அழுகையும் வருவதால், வாசித்து முடித்தால் போதும் என்று தோன்றிவிடுகிறது. இன்று அந்த வலைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருவோம். வலை கரைக்கு வந்த பிறகு மீனவர்கள் செய்கிற ஒரு வேலையை மட்டும் கவனிப்போம். அவர்கள் பிரிக்கிறார்கள்.

பிரிக்கிறார்கள் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டோம். நம் வீட்டு அடுக்களையில் இந்த ஒரு சொல் போதாது. களத்து நெல்லைத் தூற்றுவார்கள். காற்று வரும் நேரம் பார்த்து உயரத்திலிருந்து விழவிட்டால் பதர் ஒதுங்கிப் போகும், மணி நேரே விழும். குத்திய அரிசியைப் புடைப்பார்கள். தென் மாவட்டங்களில் சுளகு, மற்ற இடங்களில் முறம். அதைத் தூக்கித் தூக்கித் தட்டினால் உமி பறந்துபோகும். பெரியதையும் சிறியதையும் பிரிக்க வேண்டுமானால் புடைத்தால் போதாது, கொழிக்க வேண்டும். அரிசி ஒரு பக்கம் நிற்க, நொய் மறுபக்கம் சேரும். மாவைச் சலிப்பார்கள். கல் கலந்த அரிசியைத் தண்ணீர் விட்டு அரிப்பார்கள். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு அலசி ஊற்ற ஊற்ற அரிசி போய்விடும், கல் அடியில் தங்கிவிடும். உளுந்தில் கல் பொறுக்குவார்கள். கீரையை ஆய்வார்கள்.

இத்தனைக்கும் ‘பிரித்தல்’ என்றே சொன்னாலும் விளங்கும்தான். ஆனால் கீரையைச் சலிக்கிறேன் என்று எந்தத் தாயும் சொல்வதில்லை. மாவை ஆய்கிறேன் என்றும் சொல்வதில்லை. ஒவ்வொரு சொல்லும் ஒரு பொருளோடும் ஒரு கருவியோடும் கையின் ஓர் அசைவோடும் சேர்ந்து பிறந்திருக்கிறது. எந்தச் சொல் எதன்மேல் செல்லும் என்பது யாரும் பாடம் நடத்தாமலே நமக்குத் தெரிந்திருக்கிறது.

படித்தவர்கள் இந்தச் சொற்களைப் பிற்பாடு கடன் வாங்கினார்கள். பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆய்வும் திண்ணையில் கீரை ஆய்வதும் ஒரே வினைச்சொல்தான். தெளிவு என்கிறோம், தெள்ளுதல் என்றால் சுளகில் இட்டுக் கொழித்துச் சுத்தம் செய்வது. இலத்தீனிலும் இப்படித்தான். திருச்சபையின் ஆன்மிக மரபில், குறிப்பாக புனித இஞ்ஞாசியார் வழியில், ‘தெளிந்து தேர்தல்’ என்று ஒரு பயிற்சி உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2022-ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் தொடங்கிப் பல வாரங்கள் தம் புதன் மறைக்கல்வியில் இதைப் பற்றியே பேசினார். அதற்கான இலத்தீன் சொல்லின் வேரைத் தேடிப் போனால் அங்கே இருப்பது சல்லடை. இறைவனின் விருப்பம் எது, நம் ஆசை எது என்று முழந்தாளிட்டுப் பிரித்துப் பார்க்கிற அந்தப் பெரிய பயிற்சிக்கும் பெயர் அடுக்களையிலிருந்துதான் வந்திருக்கிறது. இறையியல் படிக்கிற குருமாணவர்களுக்கு இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். வீட்டில் அம்மாவுக்கு அரிசி புடைத்துக் கொடுத்த பிள்ளைகளுக்கு மட்டும் சட்டென்று புரியும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். புடைப்பதும் பொறுக்குவதும் அரிப்பதும் யாரோ சாப்பிடப் போகிறார்கள் என்பதற்காக நடக்கிற வேலைகள். பந்தியில் உட்காரும் ஒருவருடைய பல்லிலும் கல் படக்கூடாது. அதற்காகத்தான் அத்தனை கண்வலியும் முதுகுவலியும்.

இனி வலைக்கு வருவோம். மத்தேயு இங்கே எழுதுகிற கிரேக்கச் சொல் ‘சகேனே’. பேதுருவும் அந்திரேயாவும் அழைப்புப் பெற்ற நாளில் வீசிக்கொண்டிருந்த வலைக்கு அவர் வேறொரு சொல்லை எழுதுகிறார். அது ஓர் ஆள் வீசுகிற வீச்சுவலை. சகேனே அப்படியல்ல. கடலில் அரைவட்டமாக வளைத்துவிட்டு, கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று கயிற்றைப் பிடித்து இழுக்கிற பெரிய வலை. நம் கடற்கரை நேயர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கரைவலை, குமரிப் பக்கத்தில் கரமடி. இழுப்பவர்களில் சிறுவர்கள் உண்டு, முதியவர்கள் உண்டு. தெருவே வந்து கயிறு பிடித்தால்தான் மடி கரை சேரும்.

அந்த வலை எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. எல்லா வகையையும் வாரிக்கொண்டு வருகிறது. ‘வகை’ என்ற இடத்தில் மத்தேயு எழுதியிருக்கும் சொல் ‘கெனோஸ்’. மீனின் வகைக்கு மட்டுமல்ல, மனிதரின் இனம், குலம், வம்சம் எல்லாவற்றுக்கும் கிரேக்கத்தில் அதே சொல்தான். மத்தேயுவின் சபையில் யூதரும் பிற இனத்தாரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருந்தார்கள். இந்த உவமை வாசிக்கப்பட்டபோது அவர்கள் மீனை மட்டும் நினைத்திருக்க மாட்டார்கள்.

கரையில் என்ன நடக்கிறது? மீனவர்கள் அமர்கிறார்கள். நல்லவற்றைக் கூடைகளில் சேர்க்கிறார்கள், ஆகாதவற்றை வெளியே எறிகிறார்கள். ‘ஆகாதவை’ என்பதற்கான மூலச் சொல்லுக்கு அழுகியது என்றும் பொருள் உண்டு. ஆனால் இப்போதுதான் கரையேறிய மீன் எப்படி அழுகியிருக்கும்? உதவாதது என்றே கொள்ள வேண்டும். கலிலேயக் கடலில் செதிலில்லாத கெளுத்தி இனம் உண்டு. துடுப்பும் செதிலும் இல்லாதவற்றை உண்ணக்கூடாது என்பது லேவியர் நூல் 11-ஆம் அதிகாரத்தின் சட்டம். ஆகவே அந்தக் கரையில் கெளுத்தி வெளியே போனது. அதே சட்டப்படி இறால் ஆகாது, நண்டு ஆகாது, கணவாய் ஆகாது, சுறாவும் திருக்கையும் ஆகாது. நம் கரையில் இறாலுக்குத்தான் ஏலத்தில் அடிதடி. பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சுறாவைத் தேடி வாங்கிப் போகிறோம். நம் கரையிலும் ஒதுக்குகிற பொடிமீன் உண்டு. பல துறைகளில் அதைக் கழசல் என்பார்கள். அதுவும் கருவாடாகவோ கோழித் தீவனமாகவோ போய்ச் சேருகிறது. ஒரு கரையில் எறிவதை இன்னொரு கரையில் எடை போட்டு வாங்குகிறார்கள். மீன் மாறவில்லை, பிரிக்கிற கை மாறியிருக்கிறது.

உவமையின் விளக்கம் வரும்போது இயேசு ஒரு வேலைப் பங்கீடு செய்கிறார். தம் சீடர்களை மனிதரைப் பிடிப்பவர்கள் ஆக்குவேன் என்று முன்பே சொன்னவர் அவர். அப்படியானால் வலையை இறக்குவதும் கயிற்றை இழுப்பதும் சீடர்களின் வேலை. பிரிக்கும் வேலை வந்ததும் சீடர்களை அவர் கூப்பிடவே இல்லை. அது வானதூதர்களுக்கு. அதுவும் உலக முடிவில், எல்லாரும் கரை சேர்ந்த பிறகு. நாம் இந்தப் பங்கீட்டை எப்போது மாற்றிக்கொண்டோம் என்று தெரியவில்லை. கயிற்றை இழுக்கக் கூப்பிட்டால் ஆள் வருவதில்லை. பிரிக்கச் சொன்னால், கடலுக்குள்ளேயே நீந்திப் போய்ப் பிரித்துவிட்டு வருகிற திறமை நம்மிடம் இருக்கிறது.

தொடக்கநூலின் முதல் அதிகாரத்தை ஒருமுறை விரலை வைத்து எண்ணிப் பாருங்கள். செடிகொடிகளையும் மரங்களையும், நீரில் நீந்துபவற்றையும் பறவைகளையும், காட்டு விலங்குகளையும் கால்நடைகளையும் ஊர்வனவற்றையும் கடவுள் படைக்கும்போது, அந்தந்த இனத்தின்படி என்று ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். எபிரேய மூலத்தில் பத்து முறை. படித்துக்கொண்டே வருகிறவர்களுக்கு மனப்பாடமாகிவிடும். அடுத்து மனிதரைப் படைக்கிறார். பதினோராவது முறையும் அந்தச் சொல் வரும் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில், அது வரவில்லை. அந்த இடத்தில் வேறொன்று நிற்கிறது: கடவுளின் சாயல். ஆணும் பெண்ணும் என்ற வேறுபாடு சொல்லப்படுகிறது. இனத்தின்படி என்பது சொல்லப்படவில்லை.

நம் தமிழும் இந்த இடத்தில் பெருமைப்படலாம். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தைத் தொடங்கும்போதே பெயர்களை இரண்டாகப் பிரிக்கிறார், உயர்திணை, அஃறிணை என்று. மக்கள் என்று சுட்டப்படுவோர் அனைவரும் உயர்திணை. இன்ன மக்கள் உயர்திணை, இன்னார் கொஞ்சம் தாழ்ந்த திணை என்று இலக்கணத்தில் இடமில்லை. பள்ளியில் இதை ஒரு மதிப்பெண் கேள்வியாகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

ஆனால் இலக்கணம் ஒன்று, தெரு ஒன்று. பொருள்களைப் பிரிக்கப் பிறந்த சொற்களை நாம் ஆள்கள்மேல் ஏற்றிவிட்டோம். தரம் என்பது மிளகாய்க்கும் பருத்திக்கும் சொல்ல வேண்டிய சொல். ‘நம்ம தரத்துக்கு அந்த வீடு சரிப்படுமா’ என்கிறோம். ரகம் நெல்லுக்கும் சேலைக்கும் உரியது. ‘அவன் ஒரு ரகம்’ என்கிறோம். சாதி என்ற வடமொழிச் சொல் பிறப்பைக் குறிப்பது. நல்ல நாய்க்குட்டி விற்பவரும் அதைச் சாதி நாய் என்றுதான் விற்கிறார். அதே சொல்லைத்தான் நம் கழுத்தில் நாமே கட்டிக்கொண்டு திரிகிறோம். வகுப்பு என்றால் பிரித்து வைத்த பகுதி. ஒன்றாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கப் போனால் எந்த வகுப்பு என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கும். வெளியூரில் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஊர் கேட்பார், தெரு கேட்பார், பிறகு குரலைத் தாழ்த்தி, ‘நீங்க என்ன ஆளுக?’ என்பார். ஆள் என்றால் மனிதர். மனிதரைப் பார்த்து என்ன மனிதர் என்று கேட்கிற இந்தக் கேள்வியில் மரியாதைப் பன்மை மட்டும் குறைவதில்லை.

மறைத்தூதர் பவுலும் யாக்கோபும் லூக்காவும் பிரித்தறிவதற்கு ஒரே கிரேக்கச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்: ‘தியாக்ரினோ’. அது எதன்மேல் செல்கிறது என்று கவனித்தால், நம் தாய்மார்களின் அடுக்களைச் சொற்களைப்போல அதற்கும் ஓர் ஒழுங்கு தெரிகிறது. மத்தேயு நற்செய்தியிலும் அது வருகிறது: வானத்தின் முகத்தைப் பார்த்து மழையா வெயிலா என்று பிரித்தறியத் தெரிந்தவர்கள், காலத்தின் அறிகுறிகளை அறியவில்லையே என்று இயேசு கேட்கிறார். அந்தத் திறமையை அவர் குறை சொல்லவில்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, நம்மை நாமே அப்படிப் பிரித்தறிந்து பார்த்தால் தீர்ப்புக்கு ஆளாக மாட்டோம் என்று அறிவுறுத்துகிறார். ஆண்டவரின் விருந்தில் வசதியுள்ளவர்கள் முன்னதாகவே உண்டு முடிக்க, ஏழைகள் பசியோடு நின்ற கொரிந்து சபைக்குத்தான் இந்த அறிவுரை.

யாக்கோபின் திருமுகம் இரண்டாம் அதிகாரத்தில் அதே சொல் வேறொரு திசையில் திரும்புகிறது. பொன் மோதிரம் அணிந்து பளபளப்பான உடையில் ஒருவர் தொழுகைக்கூடத்துக்கு வருகிறார். அழுக்குக் கந்தையோடு ஓர் ஏழையும் வருகிறார். ஒருவருக்கு நல்ல இருக்கை, மற்றவருக்கு நிற்க இடம் அல்லது கால்மணைப் பக்கத்தில் தரை. உங்களுக்குள்ளேயே பிரித்துவிட்டீர்கள் அல்லவா என்று யாக்கோபு கேட்கிறார். திருத்தூதர் பணிகளில் பேதுரு, செசரியாவில் பிற இனத்தாரான கொர்னேலியு வீட்டுக்குப் போகிறார். போகும்படி தூய ஆவியார் சொன்னதைப் பின்னர் எருசலேமில் அவர் விவரிக்கும்போதும், எருசலேம் சங்கத்தில் எழுந்து பேசும்போதும் அதே சொல்தான் வருகிறது. நமக்கும் அவர்களுக்கும் இடையே கடவுள் அந்தப் பிரித்தலைச் செய்யவில்லை என்கிறார். வானத்தைப் பிரித்தறி, உன்னைப் பிரித்தறி, பக்கத்தில் நிற்பவரைப் பிரிக்காதே. ஒரு சொல் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதை முதல் திருச்சபை இப்படிக் கற்றுக்கொண்டது. எளிதாக அல்ல, பேதுருவே பெரிய கித்தான் போன்ற விரிப்பு ஒன்று இறங்கி வரும் காட்சியை மூன்று முறை கண்ட பிறகுதான். அந்த விரிப்பிலும், வலையைப்போல, எல்லா வகை உயிர்களும் கலந்து கிடந்தன.

நம் ஊர்க்கதைக்கு வருவோம். திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் ஆலயம் கட்டியபோது, பீடத்திலிருந்து இரண்டு கால்கள்போல இரண்டு நடுக்கூடங்கள் பிரிந்து செல்லும்படி கட்டினார்கள். ஒரு சாதியார் ஒரு காலில், மற்றவர்கள் மறு காலில். பீடம் இருவருக்கும் தெரியும். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. கால்சட்டைக் கோயில் என்று பெயரே விழுந்துவிட்டது. நற்கருணையைத் தெளிவாகப் பார்க்கலாம், அதே நற்கருணையை உண்ணும் சகோதரரை மட்டும் பார்க்கக்கூடாது என்று செங்கல்லில் எழுதிவைத்த கட்டடம் அது. 1910-ஆம் ஆண்டு அங்கே பங்குத்தந்தையாக இருந்த இயேசு சபைக் குரு அந்தத் தடுப்பை இடித்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ஆலயத்துக்குள் தங்களுக்கெனத் தனி இடம் வேண்டும் என்ற கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. யாக்கோபு தம் திருமுகத்தில் எழுதியதை, ஒரு தேவாலயத்துக்கு நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று.

இதெல்லாம் நூறு ஆண்டுக்கு முந்திய கதை என்று சொல்லலாம். அப்படியானால் இன்னும் சில ஊர்களில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே நிற்கும் சுவர் எந்தக் காலத்தைச் சேர்ந்தது? 2023-ஆம் ஆண்டு நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் உடன்படிக்கிற பிள்ளைகளாலேயே வெட்டப்பட்ட பிறகு, தமிழக அரசு முன்னாள் நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் நிறக்கயிறு கட்டுவதைத் தடை செய்ய வேண்டும் என்று 2024 ஜூனில் அந்தக் குழு பரிந்துரைத்தது. கயிற்றில் நிறம் பார்த்துப் பிரிக்கப் பிள்ளைகளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? கயிறு விற்கிறவர் கற்றுக்கொடுக்கவில்லை.

நம் வீட்டு வாசலையும் பார்ப்போம். காலையில் தள்ளுவண்டியோடு வருகிற தூய்மைப் பணியாளர், மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுங்கள் என்று கேட்கிறார். திடக்கழிவு விதிகளின்படி அது நம் கடமை. சாம்பாரும் ஊசியும் உடைந்த கண்ணாடியும் ஒன்றாகக் கட்டி நீட்டுகிறோம். அந்தப் பெண் தெருமுனையில் உட்கார்ந்து வெறும் கையால் அதைப் பிரிக்கிறார். வெயில் ஏறி, கொஞ்சம் தண்ணீர் கேட்டால் உள்ளே போய் அவருக்கென்று வைத்திருக்கும் தனி டம்ளரை எடுத்து வருகிறோம். குப்பையைப் பிரிக்க நமக்கு நேரமில்லை. டம்ளரைப் பிரித்து வைக்க நேரம் இருக்கிறது.

இங்கே சில நேயர்கள் நியாயமாகவே ஒரு கேள்வி கேட்கலாம். அப்படியானால் மனிதரை எந்த வகையிலும் பிரிக்கவே கூடாதா, சாமி? அரசு அலுவலகத்தில், மருத்துவமனையில் எல்லாம் பிரிக்கிறார்களே?

மருத்துவமனையையே எடுத்துக்கொள்வோம். அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளி வந்ததும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். அதற்கு ட்ரியாஜ் என்று பெயர். பிரெஞ்சுச் சொல். கம்பளியையும் காப்பிக்கொட்டையையும் தரம் பார்த்துப் பிரிப்பதற்கு வழங்கிய சொல். பிற்காலத்தில் போர்க்களத்தில் காயம்பட்டவர்களிடம் வந்து சேர்ந்தது. இதுவும் பொருளிலிருந்து மனிதருக்குத் தாவிய சொல்தான். ஆனால் தாவும்போது ஒன்று தலைகீழாகிவிட்டது. காப்பிக்கொட்டையில் நல்லதை முதலில் எடுப்பார்கள். இங்கே யார் நிலைமை மோசமோ அவரை முதலில் எடுக்கிறார்கள். பணக்காரர் விரல் நகம் பெயர்ந்து வந்திருந்தால் பச்சைப் பகுதியில் காத்திருக்க வேண்டும். கூலித்தொழிலாளி மூச்சு வாங்கி வந்தால் சிவப்புப் பகுதிக்கு ஓடுவார்கள். செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் பிரிக்கும் இறுதித் தீர்ப்பின் காட்சியிலும் கேள்வி பசியைப் பற்றியது, தாகத்தைப் பற்றியது, சிறையைப் பற்றியது. யாரும் அங்கே பிறப்பைக் கேட்பதில்லை.

சமூக நீதிக்காக அரசு எழுதுகிற பட்டியலும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். நூற்றாண்டுகளாகப் பிறப்பை வைத்துப் பிரித்த காயத்துக்கு மருந்து கொடுக்க, காயம்பட்டவர் யார் என்று பார்க்கத்தானே வேண்டும்? அதனால்தான் ஒரு வருத்தத்தையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10-ஆம் நாள் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதியினர் என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். நம் தலித் கிறிஸ்தவர்கள் இன்றுவரை வெளியே. திருமுழுக்குத் தண்ணீர் பட்டதும் தீண்டாமை கழுவப்பட்டுவிட்டது என்று அரசு நினைக்கிறது. கழுவப்படவில்லை என்பதற்கு நம் கல்லறைச் சுவரே சாட்சி. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10-ஐக் கருப்பு நாளாக அனுசரித்து ஊர்வலம் போகிறோம், மனு கொடுக்கிறோம். சரியான கோரிக்கை, தொடர்ந்து கேட்க வேண்டும். ஆனால் டெல்லிக்கு மனு எழுதுகிற அதே கை, உள்ளூர்க் கல்லறையின் சாவியையும் வைத்திருக்கிறது.

இன்றைய முதல் வாசகத்தில் சாலமோன் அரசர், நன்மை தீமையைப் பகுத்தறிய வரம் கேட்கிறார். அவர் கேட்டதை எபிரேய மூலத்தில் அப்படியே பார்த்தால், கேட்கும் இதயம் வேண்டும் என்று வருகிறது. கண் அல்ல, காது. நமக்குப் பிரிப்பது என்றால் உடனே கண்தான் வேலை செய்கிறது: நிறம், உடை, கயிறு, வீட்டு வாசல். அரசர் காதைக் கேட்கிறார்.

அந்த வரம் எப்படி வேலை செய்தது என்பது நமக்கு இன்று வாசிக்கப்பட்ட பகுதிக்கு அடுத்தே வருகிறது. இரண்டு பெண்கள் வருகிறார்கள். இருவரும் விலைமாதர், ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள். மூன்று நாள் இடைவெளியில் இருவரும் பிள்ளை பெற்றார்கள். ஒரு பிள்ளை இரவில் இறந்துபோயிற்று. இருக்கிற பிள்ளை என்னுடையது என்கிறாள் ஒருத்தி, இல்லை என்னுடையது என்கிறாள் மற்றவள். வேறு சாட்சி இல்லை. எந்த அரசவையிலும் இப்படி ஒரு வழக்கு எப்படி முடியும் என்று நமக்குத் தெரியும். இப்படிப்பட்டவர்கள் பேச்சை யார் நம்புவது என்று வாசலிலேயே முடிந்துவிடும். சாலமோன் அப்படி முடிக்கவில்லை. இருவரையும் பேசவிடுகிறார். தீர்ப்புச் சொல்வதற்கு முன், இவள் இப்படிச் சொல்கிறாள், அவள் அப்படிச் சொல்கிறாள் என்று இருவர் சொன்னதையும் தம் வாயால் திருப்பிச் சொல்கிறார். கேட்டேன் என்பதற்கு அதைவிட என்ன அடையாளம் வேண்டும்?

பிறகுதான் வாள் வருகிறது. பிள்ளையை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி கொடுங்கள் என்கிறார். அப்போது ஒருத்தியின் வயிறு துடிக்கிறது. பிள்ளை அவளிடமே போகட்டும், வெட்ட வேண்டாம் என்கிறாள். மற்றவள், எனக்கும் வேண்டாம், உனக்கும் வேண்டாம், பிரிக்கட்டும் என்கிறாள். தாய் யார் என்று அவை முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

இந்த இரண்டாவது பெண்ணை நாம் சட்டென்று கெட்டவள் தட்டில் போட்டுவிடுகிறோம். முந்தின இரவுதான் அவள் தன் பிள்ளையைப் பிணமாகப் பார்த்தாள் என்பதை மறந்துவிடுகிறோம். தனக்கு இல்லாதது யாருக்கும் இருக்கக்கூடாது என்று சொல்லவைத்தது அந்தத் துக்கம்தான். அவள் என்ன ஆனாள் என்று விவிலியம் சொல்லவில்லை. சாலமோன் அவளுக்கு எந்தத் தண்டனையும் கொடுத்ததாக எழுதியிருக்கவில்லை. உயிரோடிருக்கிற பிள்ளையைத் தாயிடம் சேர்த்ததோடு அவருடைய பிரித்தறிதல் நின்றுவிட்டது. அதற்கு மேல் அவளை என்ன செய்வது என்பதை, நம் வலை உவமையில் வருவதுபோல, அவர் விட்டுவைத்தார் என்றே எடுத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அன்புக்குரியவர்களே, நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்கு இன்னும் மூன்று மாதங்கள் இருக்கின்றன. சுவர் இல்லாத ஊர்களில் புல் செதுக்கினால் போதும். சுவர் இருக்கிற ஊர்களில் பங்குப் பேரவையும் அன்பியப் பொறுப்பாளர்களும், சுவருக்கு இந்தப் பக்கத்தாரும் அந்தப் பக்கத்தாரும், பங்குத்தந்தையோடு ஒரே அறையில் உட்கார்ந்து ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்க வேண்டியிருக்கும். முதல் கூட்டத்திலேயே முடியாது. இரண்டாவது கூட்டத்தில் யாராவது எழுந்து வெளியே போவார்கள். ஆகஸ்ட் மாதமே தொடங்கினால் நேரம் சரியாக இருக்கும்.